முப்பத்திரண்டாயிரம் அடிக்கு மேலே

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், ராகுகாலம் எமகண்டம் எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில் ‘சூலம்’ என்று ஒரு வரி இருக்கும். திங்களும் சனியும் கிழக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் ஆகாது. போயே தீரவேண்டும் என்றால் கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம் என்று பரிகாரம் உண்டு. அம்மா இதை முழுக்க நம்புகிறாள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் தாளை ஒருமுறை பார்த்துவிடுவாள்.

சில மாதங்களுக்கு முன் அலுவலக வேலையாக ஜெர்மனிக்குக் கிளம்பினேன். இந்த முறை அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“போற வழியில எங்கயும் சண்டை கிண்டை இல்லையே?”

“அவ்ளோ ஒசரத்துல போற ஃபிளைட்டுக்கு என்னம்மா ஆகப்போவுது? அவங்கல்லாம் பாத்துதான் ஓட்டுவாங்க.”

“யாருடா பாப்பாங்க?”

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு விமானம் ஏறிவிட்டது. முன்சீட்டின் முதுகில் இருந்த திரையில் எங்கள் விமானம் ஒரு சின்ன வெள்ளைப் பொம்மையாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நாடுகள் வந்து வந்து போயின. நான் பாட்டுக்குப் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருப்பவர்கள் சண்டையில் இருக்கிறார்களா, சமாதானமாக இருக்கிறார்களா என்று எனக்காக யாரோ பார்த்திருப்பார்கள். யார் அந்த யாரோ?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமென்றால் 2014 ஜூலை 17-க்குத்தான் போக வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 கோலாலம்பூருக்குக் கிளம்பியது. போயிங் 777. பயணிகள் 283 பேர், ஊழியர்கள் 15 பேர். ஐரோப்பாவில் கோடை விடுமுறை தொடங்கிய நேரம், ஆகவே குடும்பம் குடும்பமாக ஏறியிருந்தார்கள். மெல்பர்னில் நடக்கவிருந்த எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். நம் நேரப்படி மாலை 6.50-க்கு, கிழக்கு உக்ரைனின் மேலே, 33,000 அடி உயரத்தில் விமானம் உடைந்தது. தரையிலிருந்து ஏவப்பட்ட பூக் ஏவுகணை விமானி அறைக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. 298 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எனக்கு அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகம். அதே ஆண்டு மார்ச்சில்தான் அதே நிறுவனத்தின் எம்எச்370 காணாமல் போயிருந்தது. ‘மலேசியா ஏர்லைன்ஸுக்கு நேரமே சரியில்லை’ என்று கேன்டீனில் பேசிக்கொண்டோம். திருச்சிக்காரனான எனக்குக் கோலாலம்பூர் என்பது நாலு மணி நேரத் தூரம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மக்கள் போய்வருகிற ஊர். ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது. ஆனால் நானும் அதை ‘நேரம்’ என்ற கணக்கில்தான் வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து டச்சுப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தபோதுதான் இதில் நேரத்தின் பங்கைவிட ஒரு கோட்டின் பங்கு அதிகம் என்று தெரிந்தது.

2015 அக்டோபரில் வெளியான அந்த அறிக்கை இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. விமானம் எப்படி விழுந்தது என்பது முதல் கேள்வி. எல்லோரும் அதைத்தான் படித்தோம். இரண்டாவது கேள்வி, அந்த விமானம் ஏன் அங்கே பறந்துகொண்டிருந்தது என்பது. அறிக்கையின் ஒரு பகுதி முழுக்க இதற்குத்தான். ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இந்த இரண்டாவது பகுதி திகில் கதையைப் போல இருந்தது. ஏனென்றால் அதில் யாரும் விதியை மீறவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் கிழக்கு உக்ரைனில் சண்டை தொடங்கியது. ரஷ்ய ஆதரவுப் பிரிவினர் ஒரு பக்கம், உக்ரைன் ராணுவம் மறு பக்கம். ராணுவத்தின் ஹெலிகாப்டர்களும் விமானங்களும் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஜூன் 14 அன்று லுஹான்ஸ்கில் தரையிறங்க வந்த இல்-76 ராணுவ விமானம் வீழ்த்தப்பட்டு 49 பேர் இறந்தார்கள். அதுவரை வீழ்ந்தவை எல்லாம் தாழப் பறந்தவை. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு எட்டக்கூடிய உயரம்.

ஜூன் தொடக்கத்தில் உக்ரைன் அந்தப் பகுதியில் ஒரு கோடு போட்டது. 26,000 அடிக்குக் கீழே பயணிகள் விமானங்கள் பறக்கக் கூடாது. அதற்கு மேலே பறக்கலாம். இப்படி அறிவிப்பதற்கு வான் போக்குவரத்தில் நோட்டாம் என்று பெயர். விமானிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் போகும் குறுஞ்சுற்றறிக்கை. சுருக்கெழுத்தும் எண்களுமாக, நம் பஸ் டிக்கெட்டைவிட வறட்சியாக இருக்கும். ஒரு பயணத்துக்கே பக்கம் பக்கமாக வரும். எந்த ஓடுபாதையில் விளக்கு எரியவில்லை, எங்கே கிரேன் நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான். போரும் அதே எழுத்தில், அதே அளவில்தான் வரும்.

அந்தக் கோடு முதலில் யாருக்காகப் போடப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது. ராணுவ விமானங்கள் கீழே பறக்க வேண்டும், அவற்றுக்கு இடம் வேண்டும், இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது. இதுதான் கணக்கு. அப்படிச் செய்தால் மேலே போகும் பயணிகளும் தானாகவே பத்திரமாக இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 14 அன்று ஆன்-26 என்ற ராணுவச் சரக்கு விமானம் சுடப்பட்டது. அது ஏறத்தாழ 6,500 மீட்டரில், அதாவது 21,000 அடியில் பறந்தபோது சுடப்பட்டதாக உக்ரைன் அதிகாரிகளே சொன்னார்கள். தோள் ஏவுகணைக்கு அந்த உயரம் எட்டாது, இது வேறு கனமான ஆயுதம் என்றும் சொன்னார்கள். அன்றே கோடு உயர்த்தப்பட்டது. 26,000 என்பது 32,000 ஆனது. இரண்டு நாள் கழித்து, 16-ஆம் தேதி, ஒரு சுகோய்-25 போர் விமானமும் சுடப்பட்டது. மறுநாள் எம்எச்17, கோட்டுக்குச் சரியாக 1,000 அடி மேலே வந்தது. 35,000 அடிக்கு ஏற முடியுமா என்று கட்டுப்பாட்டு அறை கேட்டிருக்கிறது. இப்போது முடியாது, 33,000-லேயே தொடர்கிறோம் என்றார்கள் விமானிகள். எரிபொருள் நிறைந்த கனத்தில் இது அன்றாடம் நடப்பது. ஏறியிருந்தாலும் பயனில்லை. பூக் ஏவுகணை இருபது கிலோமீட்டர் உயரம் வரை போகும். பயணிகள் விமானம் எதுவும் அதற்கு மேலே பறப்பதில்லை.

அந்த விதியை நான் நிரலாக எழுதிப் பார்த்தேன். உயரம் 32,000-க்குக் கீழ் என்றால் மறு, இல்லையென்றால் அனுமதி. ஒரே ஒரு ‘இஃப்’. நிரல் பிழையில்லாமல் ஓடும். ஆனால் அதற்குள் போயிருக்க வேண்டிய மாறி உயரமல்ல. கீழே இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதும், மேலே போவது என்னவென்று அவனுக்குத் தெரியுமா என்பதும்தான். இவை இரண்டும் கோட்டை எழுதியவர்களிடம் எண்ணாக இல்லை. உயரம் எண்ணாக இருந்தது. ஆகவே உயரம் விதியாயிற்று.

எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவும் ரோஸ்டோவ் பகுதிக்கு ஒரு நோட்டாம் போட்டிருந்தது. 17-ஆம் தேதிதான் அது நடப்புக்கு வந்தது. பக்கத்து நாட்டுச் சண்டையைக் காரணமாகவும் சொன்னது. ஆனால் அந்த அறிவிப்பின் ஓரிடத்தில் தடை 32,000 அடி வரை என்று இருந்தது, இன்னோரிடத்தில் 53,000 அடி வரை என்று இருந்தது. ஒரே அறிவிப்புக்குள் இரண்டு எண்கள். 53,000 என்று எடுத்துக்கொண்டால் வானமே மூடியது என்று பொருள். 32,000 என்று எடுத்துக்கொண்டால் உக்ரைன் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்கள் என்று பொருள். கோட் ரிவ்யூவில் இப்படி ஒன்று வந்தால் நாம் திருப்பி அனுப்பியிருப்போம். இதைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

சும்மா ஒன்றிரண்டு அல்ல. வாரியத்தின் கணக்குப்படி ஜூலை 14 முதல் 17 வரை அந்த வான்வழியில் 32 நாடுகளைச் சேர்ந்த 61 நிறுவனங்களின் விமானங்கள் போயிருக்கின்றன. 17-ஆம் தேதி மட்டும், வான்வெளி மூடப்படும் வரை, 160 விமானங்கள். எம்எச்17 உடைந்த நேரத்தில் அதே பகுதியில் இன்னும் மூன்று பயணிகள் விமானங்கள் இருந்தன. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஒன்று தைவானின் ஈவா ஏர், மூன்றாவது ஏர் இந்தியா. டெல்லியிலிருந்து பர்மிங்ஹாம் போய்க்கொண்டிருந்த ட்ரீம்லைனர். அதில் இருந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத் திரையில் பொம்மை விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, யார் பார்த்திருக்க வேண்டும்?

1944 டிசம்பரில் சிகாகோவில் நாடுகள் கூடி வான் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. இரண்டாம் உலகப்போர் இன்னும் முடியவில்லை. அதன் முதல் விதியே, தன் நிலத்துக்கு மேலே உள்ள வானத்தின் முழு உரிமை அந்தந்த நாட்டுக்கு என்கிறது. ஒன்பதாம் விதி, பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு நாடு தன் வானத்தின் பகுதியை மூடலாம் என்கிறது. மூட‘லாம்’. மூட ‘வேண்டும்’ என்று இல்லை. அதாவது சண்டை நடக்கும் வீட்டில், வாசலைச் சாத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவரும் சண்டை போடுகிறவர்தான். சாத்தினால் ‘என் வீடு என் கையில் இல்லை’ என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். மேலே கடந்து போகும் விமானங்கள் கட்டும் கட்டணமும் நின்றுபோகும். உக்ரைன் பணத்துக்காகத்தான் திறந்து வைத்தது என்று டச்சு வாரியம் சொல்லவில்லை. ஆனால் மூடுவதற்கு உக்ரைனிடம் போதிய காரணம் இருந்தது என்று தெளிவாகச் சொன்னது. அதோடு, போரில் இருக்கும் நாடுகள் தம் வானத்தைத் தாமாக மூடுவது மிக அரிது என்றும் சொன்னது.

நாடு மூடவில்லை. விமான நிறுவனம் அந்த நாடு சொன்னதைப் பார்த்தது: திறந்திருக்கிறது. அடுத்த நிறுவனத்தைப் பார்த்தது: அவர்களும் போகிறார்கள். அந்த நிறுவனமும் இவர்களைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது. நிறுவனங்களின் சொந்த நாடுகள் பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்கா ஏப்ரலிலேயே தன் விமானங்களைக் கிரிமியா பக்கம் போகாதே என்றது; கிழக்கு உக்ரைனைச் சொல்லவில்லை. எம்எச்17-க்கு கேஎல்4103 என்று இன்னொரு எண்ணும் இருந்தது. கேஎல்எம்மில் டிக்கெட் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். பாதையைப் பார்ப்பது விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் வேலை என்பதே அந்த ஏற்பாடு. பயணியிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பிய அந்த வரிசையின் கடைசியில் 283 பேர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பணப் பரிவர்த்தனை மென்பொருள் ஒன்றைக் கண்காணிக்கும் நிரலை நான் எழுதியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் வரும் பிழைகளை எண்ணும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாராவது ஒருவரின் போன் அடிக்கும். ஓர் இரவு போன் அடிக்கவில்லை. திரை முழுக்கப் பச்சை. காலையில் பார்த்தால், நள்ளிரவிலிருந்து ஒரு பரிவர்த்தனைகூடப் போகவில்லை. பிழைகளைச் சேகரித்து அனுப்ப வேண்டிய பகுதியே செத்துப்போயிருந்தது. அதனால் பிழைச் செய்தி வரவில்லை. செய்தி வராததை என் நிரல் ‘பூஜ்யம் பிழை’ என்று எடுத்துக்கொண்டது. அந்த வரியை நான்தான் எழுதியிருந்தேன். தகவல் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வை. எழுதும்போது அது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, திட்டு வாங்கினேன், சரி செய்தேன். ஆனால் ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் கற்றுக்கொண்டேன்.

2014 ஜூலையில் உலக வான் போக்குவரத்து அந்த ஒரு வரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று வை.

இது நடக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லையா? இருந்தது. 1983 செப்டம்பரில் பாதை மாறி சோவியத் வானத்துக்குள் போன கொரிய விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டது, 269 பேர். அதற்குப் பிறகு சிகாகோ ஒப்பந்தத்தில் ஒரு புது விதி சேர்க்கப்பட்டது: பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின் மேல் ஆயுதம் பயன்படுத்தக் கூடாது. 1988 ஜூலையில், ஈரான்–இராக் போரின் கடைசி நாட்களில், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டது, 290 பேர். எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2001 அக்டோபர். டெல் அவிவிலிருந்து நோவோசிபிர்ஸ்க் போன விமானம், கருங்கடலின் மேலே, 36,000 அடி உயரத்தில், உக்ரைன் ராணுவப் பயிற்சியில் ஏவப்பட்ட எஸ்-200 ஏவுகணை தாக்கி விழுந்தது, 78 பேர். அந்தப் பக்கத்து வானத்தில் அந்த உயரத்துக்கு ஏவுகணை வரும் என்பது பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே 78 பேரின் உயிரில் எழுதப்பட்ட தகவல். 32,000 என்று கோடு போட்டபோது அது கணக்கில் வரவில்லை.

பாடம் கற்றோமா என்றால், முதல் மூன்று நாளிலேயே ஒரு விநோதம் நடந்தது. ஜூலை 20 அன்று கோலாலம்பூரிலிருந்து லண்டன் போன மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் உக்ரைனைத் தவிர்த்துச் சுற்றிப் போனது, சிரியாவின் மேலே. அங்கேயும் உள்நாட்டுப் போர். விமானங்களை நேரலையாகக் காட்டும் தளத்தில் பார்த்தவர்கள் அதிர்ந்து கேட்டபோது, அது அனுமதிக்கப்பட்ட பாதைதான் என்றது நிறுவனம். உண்மைதான். அங்கேயும் நோட்டாம் தடுக்கவில்லை.

2020 ஜனவரி 8 அதிகாலை. இராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள் மேல் ஈரான் ஏவுகணை வீசிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. அமெரிக்கா தன் நிறுவனங்களை ஈரான் வானத்துக்குப் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஈரான் தன் வானத்தை மூடவில்லை. டெஹ்ரான் விமான நிலையத்திலிருந்து அன்று காலையும் விமானங்கள் வரிசையாகக் கிளம்பின. ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் சொந்த ஏவுகணைப் படையே எதிரியின் ஏவுகணை என்று நினைத்துச் சுட்டது, 176 பேர். 2024 டிசம்பர் 25 அன்று பாகுவிலிருந்து குரோஸ்னி போன அஜர்பைஜான் விமானம், ட்ரோன் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அடிபட்டு, காஸ்பியன் கடலைத் தாண்டி அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள்.

மாறியதும் உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய அதிகாலையிலேயே உக்ரைன் தன் வானம் முழுவதையும் மூடிவிட்டது. விமானங்களைக் காட்டும் வரைபடத்தில் ஐரோப்பாவின் நடுவே இருக்கும் அந்தப் பெரிய ஓட்டையை நீங்களும் பார்த்திருக்கலாம். ஐரோப்பிய வான் பாதுகாப்பு முகமை இப்போது போர்ப் பகுதிகளுக்கென்று தனி எச்சரிக்கைகளை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. டச்சு வாரியத்தின் பரிந்துரைகளில் எனக்குப் பிடித்தது எளிமையானது: எந்தெந்தப் போர்ப் பகுதிகளின் மேலே பறக்கிறோம் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடு தவறாகப் போடப்பட்டது என்பதால் சுட்டவனின் குற்றம் குறைந்துவிடாது. ஏவுகணை வண்டி ரஷ்யாவின் குர்ஸ்க் நகரைச் சேர்ந்த படைப்பிரிவினுடையது என்று கூட்டு விசாரணைக் குழு சொன்னது. 2022 நவம்பரில் ஹேக் நீதிமன்றம் மூன்று பேருக்கு, அவர்கள் வராமலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. 2025-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவைப் பொறுப்பாக்கியது. ரஷ்யா இன்றுவரை மறுக்கிறது. கொலைக்குப் பொறுப்பு யார் என்பது ஒரு கேள்வி, அந்த இடத்துக்கு இவர்கள் ஏன் போனார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் சத்தத்தில் இரண்டாவது காதில் விழாமல் போய்விடுகிறது. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடுகிறவனுக்கு உதவுவது இரண்டாவதுதான்.

என் வீட்டுக் காலண்டருக்கு வருகிறேன். சூலம் மூடநம்பிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சூலம் இல்லாத நாள் என்று ஒன்று காலண்டரில் கிடையாது. தினமும் ஏதாவது ஒரு திசையைச் சொல்லியே ஆக வேண்டும், தினமும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். எதுவும் அச்சாகாத கட்டத்தைப் பார்த்து ‘இன்றைக்கு எல்லாப் பக்கமும் நல்லது’ என்று அம்மா முடிவு செய்ததில்லை. ‘ஏன்டா இந்தத் தாள்ல விட்டுப்போச்சு?’ என்றுதான் கேட்பாள்.

அடுத்த மாதம் மறுபடி ஜெர்மனி போக வேண்டும். இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. ஒன்றில் விலை குறைவு, நேரமும் குறைவு. முந்தைய வாரத்தில் அந்த விமானம் போன பாதைகளை ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். பிறகு அந்த நாடுகளுக்கு எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பார்த்தேன். ஒரு நாட்டுக்கு இருந்தது. அந்த நாடு தன் வானத்தை மூடவில்லை. நான் பார்த்த இந்த அரை மணி நேரப் பார்வை ஒரு நிபுணரின் பார்வை அல்ல, கிளம்பும் நாளன்று பாதை மாறவும் மாறும். ஆனாலும் மற்ற டிக்கெட்டைப் போட்டேன். அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள், சொன்னேன். ஒருவர் சிரித்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“இந்தத் தடவை சுத்திதாம்மா போவுது. ரெண்டு மணி நேரம் கூட ஆகும்.”

“யாரு பாத்தா?”

“நாந்தான் பாத்தேன்.”

“ஆகட்டும், ஆகட்டும்” என்றாள். பிறகு, என்ன கிழமை கிளம்புகிறாய் என்று கேட்டாள்.